வாஷிங்டனிலிருந்து வந்த பாஸ்போர்ட்

அமெரிக்க அரசாங்கத்தை ஒரு மனிதர் வயிறெரிந்து திட்டுவதை நான் முதன்முதலில் கேட்டது ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு சலவைக்கூடத்துக்குள். திட்டியவர் அமெரிக்கர். அவருக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததும் அந்த அரசாங்கத்திடமிருந்துதான்.

துறைமுகத்துக்கு வந்து நிற்கும் அமெரிக்கப் படைக் கப்பல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை எல்லாவற்றையும் வாங்கி, துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. மூட்டையைப் பிரித்தால் டீசலும் வியர்வையும் கலந்த வாடை வரும். நான் பெரிய ரோலர் இயந்திரத்தின் வாயில் நிற்பேன். ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் பிடித்து உள்ளே கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது அப்பளம் மாதிரி விறைத்து வெளியே வரும். கோடையில் அங்கே நிற்பவனுக்கு முகத்துத் தோல் உரியும். எனக்கும் உரிந்தது. அதற்கு முன்னால் திருப்பூர் சாயப்பட்டறையில் கைத்தோல் உரிந்திருக்கிறது. பம்பாய் ஓட்டலில் கால் விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். ஓர் இடத்தில் ரொம்ப நாள் இருந்தால் எனக்கு உடம்பு அரிக்கும், கிளம்பிவிடுவேன். ஓட்டலிலும் லாரியிலும் பொறுக்கிய ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. அதனால்தான் அந்த அமெரிக்கர் என்னிடம் பேச ஆரம்பித்தார்.

அவர் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர். துணி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுப்பது அவர் வேலை. தேய்த்த விரிப்பில் ஒன்றை உருவி, குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே பேசுவார். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு வீடு; எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து வாஷிங்டனில் ஒரு வாட்ச்மேனை வைத்தார்கள்; இப்போது எல்லா வீட்டுச் சாவியும் வாட்ச்மேன் இடுப்பில் தொங்குகிறது என்பார். என்ன பல்பு போடுவது, எவனுக்குக் கடன் கொடுப்பது, ஏர்போர்ட்டில் எவன் செருப்பைக் கழற்றுவது, எல்லாம் அவன் முடிவு. பேங்குகள் விழுந்துகொண்டிருந்த சமயம் அது. அரசாங்கம் பணம் கொட்டி அவற்றைத் தூக்கி நிறுத்தியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "விழுகிறவனை விழ விட வேண்டும். ஒருவன் ஒரு கதவைத் திறந்து வெளியே போய் இன்னொரு கதவைத் தட்ட வேண்டும். அதற்குப் பேர்தான் சுதந்திரம். இடையில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று என்னிடம் கேட்பார், நான்தான் அந்தப் பேங்குகளுக்குப் பணம் கொடுத்தவன் மாதிரி.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் இதையெல்லாம் நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் ரூமுக்கு அதுதான் செய்தி. எங்களில் மூத்தவர் ஒரு புதுக்கோட்டைக்காரர். எல்லோருக்கும் அண்ணன்.

"இன்னிக்கு என்னடா சொன்னாரு ஒங்க ஆளு?"

"வாட்ச்மேன் வீட்டுக்காரனா ஆயிட்டானாம்ணே. கவர்மெண்ட்டு சின்னதா இருக்கணுமாம். ஊர்ச் சண்டைக்கு ஒரு போலீஸ், கடல்ல நாலு கப்பல், அது போதுமாம்."

"அந்த நாலு கப்பல்லேர்ந்துதானடா நமக்குத் துணி மூட்டை வருது. அவருக்கும் சம்பளம் வருது."

"அது வேறயாம்."

"என்ன வேற? நம்ம ஊர்ல ரேஷன் போடுறது கவர்மெண்ட்டு, டிவி குடுத்தது கவர்மெண்ட்டு. வாட்ச்மேன் வேலையே கவர்மெண்ட்டு வேலைதான், அதுக்கே எம்.எல்.ஏ. லெட்டர் வேணும். சின்னதா இருக்கணுமாமே! பெருசா இருக்கும்போதே நம்ம தெருவுக்குத் தண்ணி வரல."

ரூமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவைத் தட்டுவது என்ற பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். இங்கே வந்த பிறகு அதைச் செய்ய முடியவில்லை. ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட்டை வாங்கி ஆபீஸ் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டார்கள். முதல் விசா முடிந்தபோது என்னைக் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது, புது விசாவை அதில் ஒட்டிவிட்டார்கள். ஒட்டிய பிறகு வேலைக்கு வரமாட்டேன் என்றால் ஓடிப்போனவன் என்று எழுதிக் கொடுப்பார்கள். அப்புறம் போலீஸ்.

இரண்டாவது விசாவும் முடியும் நேரத்தில் எதிர்க் கடை பாய் ஒரு விஷயம் சொன்னார். நாங்கள் தங்கியிருந்த கேம்ப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர். எங்கள் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். நானும் அந்த மாவட்டம் என்பதால் என்னிடம் ஒரு ஒட்டுதல்.

"தம்பி, நம்ம மச்சான் ஓமன்ல, சலாலாவுல லாண்டரி போடுறாப்ள. சின்ன எடந்தான். மிசின் தெரிஞ்ச ஆளு வேணுங்குறாப்ள. நீங்க போனா நீங்கதான் அங்க எல்லாம்."

"இங்க விடமாட்டாங்களே பாய்."

"விசா முடியிதுல்ல? புதுசா அடிக்க விடாம பாஸ்போட்ட கையில வாங்கிக்கிட்டு ஊருக்குப் போங்க. மிச்சத்த மச்சான் பாத்துக்குவாப்ள. கையில பாஸ்போட்டு இருந்தா இவனுவ எதுல ஒட்டுவானுவ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தால் ஒட்ட முடியாது. ஆனால் அதைக் கேட்டு வாங்கிய ஆள் எங்கள் கேம்ப்பில் யாரும் கிடையாது. கேட்டால், எதற்கு, எங்கே போகப்போகிறாய், யாரிடம் பேசினாய் என்று ஆரம்பிப்பார்கள். சலாலா பற்றி அமெரிக்கரிடம் மட்டும் சொன்னேன். "போ. அதுதான் மனிதன் செய்ய வேண்டியது" என்று தோளில் தட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் வேலையை எடுக்கும் எந்தக் கம்பெனியும், அதனிடம் வேலை எடுக்கும் கம்பெனியும், தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். இதை எனக்குச் சொன்னவர் அமெரிக்கர்தான். கோபமாகத்தான் சொன்னார்.

"பார்த்தாயா? ஷார்ஜாவில் ஒரு கம்பெனி தன் அலமாரியில் என்ன வைக்கிறது என்று வாஷிங்டன் சொல்கிறது. எங்கேதான் நிற்கும் இது?"

நான் ரோலரில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். "சார், அந்த அலமாரியில இருக்கறது என்னோடது."

அவர் கையிலிருந்த துணியைக் கீழே இறக்கினார். "உன்னுடையதா? நீயாகக் கொடுத்தாயா?"

"ஏர்போர்ட்ல வாங்கிட்டாங்க சார். எல்லார்தும்."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மூட்டை பிரிப்பவர்கள், பிழியும் இயந்திரத்தில் நின்றவர்கள், மடிப்பவர்கள். இத்தனை நாள் எங்கள் துணியில் கறை தேடியவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது. "அதற்கு வேறு பேர் இருக்கிறது" என்றார். பேரைச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பேர் தெரியும். முகம் வெந்து தோல் உரிந்தபோது வராத கூச்சம் அப்போது வந்தது. இவர் என்னை இன்னொரு கதவைத் தட்டக்கூடிய மனிதன் என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் பேசியிருக்கிறார் என்று புரிந்தது. அவர் கண்ணைப் பார்க்காமல் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தது ஒரு விழா மாதிரி நடந்தது. மெஸ்ஸில் மேஜைகளை ஒதுக்கி வரிசையாக உட்கார வைத்தார்கள். ஓர் அமெரிக்கப் பெண் அதிகாரி வந்திருந்தார். சின்ன வயசு. கூட ஹிந்தியில் மொழிபெயர்க்க ஓர் ஆள். பேர் கூப்பிட்டதும் எழுந்து போக வேண்டும். "இது உங்களுடையது. இதை உங்களிடமிருந்து யாரும் வாங்கக் கூடாது. புரிகிறதா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். புரிகிறது என்று தலையாட்ட வேண்டும். ஒருவர் படம் எடுத்தார். கை தட்டச் சொல்லி, கேம்ப்பைக் கவனிக்கும் கம்பெனி ஆளான கேம்ப் பாஸ் பின்னாலிருந்து ஜாடை காட்ட, நாங்கள் தட்டினோம்.

புதுக்கோட்டை அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் பரிவட்டம் வாங்குகிற மாதிரி குனிந்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண். அவர் கலங்கியதைப் பார்த்து எனக்குத் தரையில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. என் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுப்பதற்கு ஒருத்தி கடல் தாண்டி வந்து, அதை நான் பிச்சை மாதிரி வாங்க வேண்டியிருந்தது. சுவரோரமாக நின்ற அமெரிக்கர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டிக்கொண்டிருந்த அரசாங்கம்தான் இதைச் செய்தது. அவருடைய சுதந்திரம் செய்யவில்லை. அவருக்கு அன்று என்ன தோன்றியதோ தெரியாது.

அன்று சாயங்காலமே மெஸ் வாசலில், சோப்புத் தூள் வந்த ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கேம்ப் பாஸ் வைத்தார். ஹிந்தியில் சத்தமாகச் சொன்னார். கட்டாயம் எதுவும் இல்லை. ரூமில் பூட்டு இல்லை. தொலைந்தால் போலீஸ், அபராதம், எல்லாம் உங்கள் தலையில். பத்திரமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் போடலாம். "அப்னி மர்ஸி, பாய்." உங்கள் இஷ்டம்.

ஒரு கையில் தட்டு, ஒரு கையில் பாஸ்போர்ட்டுடன் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். போட்டுவிட்டுச் சோறு வாங்கினார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. ரூமில் பூட்டு இல்லை என்பது உண்மைதான். எங்களில் ஒருவர் செல்போனும் இன்னொருவர் செருப்பும் அங்கே காணாமல் போயிருக்கின்றன.

"அண்ணே, இப்பதான கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குனீங்க?"

"கண்ணுல ஒத்திக்கிட்டா இடுப்புல கட்டிக்கிட்டே அலையச் சொல்றியா? மூட்டப்பூச்சிக்கு ஒளிச்சு வைக்கவே எடம் இல்ல. போடுடா பேசாம."

நான் வரிசையிலிருந்து விலகி வெளியே போனேன். முற்றத்தில் அமெரிக்கர் காருக்காக நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், இதை நான் எப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், பாஸ்போர்ட்டை நீட்டினேன். "சார், நீங்க வச்சுக்குங்க. ஒங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

அவர் ஒரு அடி பின்னால் போனார். நான் பாம்பை நீட்டிய மாதிரி. "என்னிடமா? ஏன் என்னிடம்?"

"கம்பெனிகிட்ட குடுத்தா ஒட்டிருவாங்க. ரூம்ல தொலஞ்சுரும். நீங்க நல்லவர்."

அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நான் நல்லவனா என்பது இதில் கணக்கே இல்லை. இதை நான் வாங்கினால் எனக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? நீயே வைத்துக்கொள்." என் சட்டைப் பையில் அவரே அதைச் செருகி, பையின் பட்டனைப் போட்டுவிட்டார். குழந்தைக்குப் போடுவது மாதிரி. கார் வந்தது, போய்விட்டார்.

அங்கேயே நின்றேன். வாஷிங்டன் கையில் கொடுத்த பொருளை மூன்று மணி நேரம்கூடச் சும்மா வைத்திருக்கத் தெரியாமல், யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஆள் தேடியிருக்கிறேன்.

பெட்டியில் போடாத ஆள் நான் ஒருவன்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். ரோலர் சூட்டில் அது வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். குளிக்கப் போனால் கண்ணுக்கு எதிரே ஆணியில் மாட்டிக்கொண்டு குளிப்பேன். மெஸ்ஸுக்குள் நுழைந்தால் எவனாவது, "தியாகி வர்றாருடா, வழி விடுங்க" என்பான். இன்னொருவன் எழுந்து சல்யூட் அடிப்பான். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு கேம்ப் பாஸ் ரூம் ரூமாக அலமாரி சோதனை போட ஆரம்பித்தார். அடுப்பு இருக்கிறதா, வயர் இழுத்திருக்கிறார்களா என்று. எங்கள் ரூமில் அண்ணன் ஒளித்து வைத்திருந்த கரண்ட் அடுப்பு போனது. என்னால்தான் இந்தச் சோதனை என்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் மட்டும், "இனிமே ராத்திரிக்கு டீ கிடையாது, தியாகிகிட்ட கேளுங்க" என்றார். அந்தச் சமயம் பார்த்து எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் கயிறு கட்டிய பெட்டிகளோடு ரோட்டோரத்தில் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். எங்கும் வேலை போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் கப்பல் வந்துகொண்டிருந்தது. சலாலாவில் ஒரு சின்ன இடம், பெயர் தெரியாத ஒரு மச்சான், நிற்குமா விழுமா என்று தெரியாது. விழுகிறவனை விழ விட வேண்டும் என்று அமெரிக்கர் சொல்வாரே, விழுகிறவன் நானாக இருந்தால் என்று ரோலரில் நின்றபடி நினைத்தேன்.

பாய் அவசரப்படுத்தினார். "தம்பி, மச்சான் முடிவு கேக்குறாப்ள. ஆபீசுல போயி விசா புதுசா வேணாம், ஊருக்குப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவ்வளவுதான் நான் செய்ய வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை. மறுநாள் வேலைக்கு நடுவே ஆபீசுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஹிந்தியில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். குளிர்ந்த அறை. மேஜையில் இருந்த கிளார்க் எதையோ தட்டச்சு செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "க்யா சாஹியே?" என்றான். என்ன வேண்டும்?

சொல்ல வந்த வார்த்தை வரவில்லை. கை இடுப்புக்குப் போனது. பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். அவன் பார்க்காமலே கையை நீட்டினான். நீட்டுவது அவனுக்குப் பழக்கம். நான் வைத்தேன். "ரக் லோ, பாய்" என்றேன். வைத்துக்கொள் அண்ணே. வியர்வையில் அட்டை நமுத்திருந்தது. அவன் முகத்தைச் சுளித்து, ஒரு துணியால் துடைத்து அலமாரியில் போட்டான். என் பேரைக்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அன்று மத்தியானம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினேன். என்னிடமிருந்து பிடுங்கியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். யாரும் பிடுங்கவில்லை. அந்தத் தூக்கத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது.

அந்த மாதமே புது விசாவை ஒட்டினார்கள். சலாலாவுக்கு இலங்கைக்காரர் ஒருவர் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பு மாதிரியே பால் பாக்கெட்டை எடுத்து வைப்பார். தம்பி என்பது மட்டும் நின்றுவிட்டது. மற்றவர்களைக் கூப்பிடுவது மாதிரி "என்ன வேணும்?" என்பார்.

உத்தரவு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அந்தப் பெண் அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை விழா இல்லை. வேலை நடக்கும்போதே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். பாஸ்போர்ட் எங்கே? ஆபீசில். யாராவது வாங்கினார்களா? இல்லை மேடம், பத்திரத்துக்கு நாங்களே கொடுத்தோம். அண்ணன் சொன்னார், மூட்டை பிரிப்பவர்கள் சொன்னார்கள். அவர் எழுதிக்கொண்டார். எழுதுகிறபோது அவர் முகத்தில் ஒரு களைப்பு இருந்தது. அமெரிக்கர் இரண்டு அடி தள்ளி, வழக்கம்போல விரிப்பு பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"என் இஷ்டத்துலதான் குடுத்தேன் மேடம்" என்றேன் ஆங்கிலத்தில். அவ்வளவு பேரிலும் மொழிபெயர்ப்பவர் இல்லாமல் அதைச் சொன்னவன் நான்தான்.

அவர் போன பிறகு அமெரிக்கர் ரோலருக்குப் பக்கத்தில் வந்தார். "சலாலா?" என்று மட்டும் கேட்டார்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அங்க ரொம்ப சூடு சார். ஒடம்புக்கு ஒத்துக்காது."

கோடையில் வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கும்போது, சலாலாவில் சாரல் அடித்து மலையெல்லாம் பச்சையாக இருக்கும். அது எனக்கும் தெரியும். கப்பலில் அந்தப் பக்கமெல்லாம் போய்வந்த அவருக்கும் தெரியும். இயந்திரத்தின் அனலில் என் முகத்திலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "ஆமாம், சூடுதான்" என்றார். நான் நீட்டிய விரிப்பை வாங்கி விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் என்னிடம் அரசாங்கத்தைத் திட்டவில்லை.